இறைவன் சித்தமும் மன்னார்க் கரையும்

நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பது தமிழ் வழங்கும் ஊரெல்லாம் கேட்கும் பழமொழி. பெண் பார்க்கப் புறப்பட்டு மழையில் திரும்பியவனும் அதைச் சொல்வான். வழக்கில் தோற்றுக் காணியை இழந்தவனும் அதையே சொல்வான். மன்னார்த் தீவிலும் அதற்கெதிரே கிடக்கும் மாதோட்டப் பெருநிலத்திலும் இச்சொல்லுக்கு மற்றோர் ஊற்றுக்கண்ணும் உண்டு. அங்கு வாழும் கத்தோலிக்கர் பழைய ஏற்பாடு என வழங்கும் எபிரேய வேதமே அது. அவர்களுக்கு அயலில் வாழும் முஸ்லிம்களின் திருக்குர்ஆனிலும் அதே யோசேப்பு யூசுப் நபி என்னும் பெயரோடு உடன்பிறந்தாரால் கிணற்றில் தள்ளப்படுகிறார். அதே யோனா யூனுஸ் நபி என்னும் பெயரோடு மீனின் வயிற்றிற் கிடக்கிறார். தலைமன்னாருக்கு அப்பால் நீண்டு செல்லும் மணற்றிட்டுக்களுக்கு மேனாட்டார் இட்ட பெயர் ஆதாமின் பாலம். அத்திட்டுக்கள் சென்று சேரும் இராமேசுவரத்தில் ஆபில், காபில் என்போரின் அடக்கத்தலம் என ஒரு தர்கா இருக்கிறது. எங்கோ யோர்தான் நதிக்கரையில் எழுந்த கதைகள் இந்த உப்பங்காற்றில் இவ்வளவு இயல்பாக வேர்கொண்டிருப்பது வியப்புக்குரியதே.

மனிதரின் சூழ்ச்சிகளுக்கு மேல் இறைவனின் ஆட்சி நிற்கிறது என்பது அவ்வேதத்தின் நடுநாடியான கருத்து. அது மெய்யா, பொய்யா என்று வழக்காடுவது எமது நோக்கமன்று. அது இறையியலார் பணி. வரலாறு கற்பிக்கும் ஒருவனுக்கு உரிய வினா வேறு. அக்கருத்தை யார் சொன்னார், யாரை நோக்கிச் சொன்னார், சொன்னதனால் எவருக்கு என்ன நேர்ந்தது? நானூற்றைம்பது ஆண்டு மன்னார் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு நல்லதொரு களமாகும்.

முதலில் அவ்வேதம் பிறந்த இடத்தை நோக்குதல் வேண்டும். எகிப்து ஒரு புறமும், அசீரியாவும் பாபிலோனும் மறுபுறமும் நின்று நெருக்கிய ஒரு சிறு நாட்டு மக்களின் நூல் அது. கி.மு. 722-இல் அவர்களது வடநாட்டை அசீரியர் அழித்தனர். கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை எரித்துக் கோயிலை இடித்து மக்களைச் சிறைகொண்டு சென்றனர். அக்கால வழக்கப்படி, தோற்ற நாட்டின் தெய்வமும் தோற்றதாகவே கருதப்படும். எபிரேயரோ அவ்வாறு எண்ண மறுத்தனர். எம்மை வென்ற பேரரசனும் எம் இறைவன் கையிலுள்ள ஒரு கோலே. அடிக்கும் வேலை முடிந்ததும் அக்கோலும் முறிக்கப்படும் என்றனர் அவர்களது தீர்க்கதரிசிகள். பாபேலில் வானளாவக் கோபுரம் கட்டத் திட்டமிட்டவர்கள் மொழி குழம்பிச் சிதறினார்கள் என்ற கதையை நினைத்துப் பாருங்கள். செங்கல் சுட்டுக் கோபுரம் எழுப்பும் பேரரசின் நிழலில் வாழ்ந்தவர்கள் சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய கதை அது. எபிரேய ஆண்குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட கட்டளையை முறியடித்தவர்கள் யார்? சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு மருத்துவச்சிகள். மாமன்னனின் பெயரைக் கூறாது விட்ட அந்நூல், கட்டளைக்குப் பணியாத அவ்விரு பெண்களின் பெயரைப் போற்றி வைத்திருக்கிறது. என் கணிப்பில் அந்நூலின் பக்கம் எது என்பதை அறிய இவ்வொன்றே போதும்.

இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் சைரசு பாபிலோனைக் கைப்பற்றினான். சிறைப்பட்ட யூதர் தாயகம் திரும்ப வழி பிறந்தது. தம் இறைவனே அவனைக் கைப்பிடித்து நடத்தினான் என்று எபிரேய நூல் எழுதியது. 1879-இல் பாபிலோன் இடிபாடுகளிலிருந்து களிமண் உருளை ஒன்று கிடைத்தது. இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அதே சைரசு அதே வெற்றியைப் பெற்றதற்குப் பாபிலோனியரின் தெய்வமான மார்துக் அவனைத் தேர்ந்தெடுத்ததே காரணம் என்று அந்த உருளை கூறுகிறது. ஒரே வெற்றி, இரண்டு தெய்வங்களின் சித்தம். வென்றவன் பக்கத்தில் இறைவனை நிறுத்துவது எவ்வளவு எளிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

அவ்வேதத்தை ஆக்கியோர் இவ்வாபத்தை அறியாதவர்கள் அல்லர். எரேமியா என்னும் தீர்க்கதரிசி மரநுகம் ஒன்றைத் தன் கழுத்திற் பூட்டிக்கொண்டு எருசலேம் வீதிகளில் நடந்தான். பாபிலோனின் நுகத்தைச் சில தலைமுறை சுமந்தே ஆகவேண்டும் என்பது அவன் செய்தி. அனனியா என்ற மற்றொருவன் அந்நுகத்தைப் பறித்து முறித்தான். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும், இதுவே இறைவன் வாக்கு என்றான். கூட்டம் எவன் பக்கம் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருவரும் ஒரே இறைவன் பெயரையே சொன்னார்கள். ஒருவன் தன் நாட்டாருக்கும் அரசனுக்கும் கசப்பானதைச் சொன்னான். மற்றவன் இனிப்பானதைச் சொன்னான். எரேமியாவைப் பாழ்ங்கிணற்றுச் சேற்றில் இறக்கினர். அவனுடைய நூலே நிலைத்தது.

தமிழ் படித்தவர்கள் இவ்விடத்தில் ஊழ்வினையை நினைப்பார்கள். திருக்குறள் ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்ததையும், ஆள்வினையுடைமை என்னும் பின்னோர் அதிகாரத்தில் முயற்சியைப் பெரிதும் உயர்த்தியதையும் மாணவர் ஆண்டுதோறும் கேட்டு மயங்குகின்றனர். ஊழ் யாருடைய முகமும் பாராதது. அதனிடம் முறையிட இயலாது. எபிரேயரின் இறைவனோ வழக்காடத்தக்கவன். யோபு சாம்பலில் அமர்ந்து அவனிடம் நியாயம் கேட்கிறான். யோனா அவன் ஏவலை மறுத்துக் கப்பலேறுகிறான். முடிவில் நினிவே நகரத்தார் மனந்திரும்பியதும் இறைவனே தன் தீர்மானத்தை மாற்றிக்கொள்கிறான். எல்லாம் அவன் செயல் என்று கைகட்டி இருக்கும் சோம்பலுக்கு அந்நூலில் இடம் குறைவு.

இக்கருத்து மன்னார்க் கரைக்கு வந்தது எரேமியாவின் தோளில் அன்று, போர்த்துக்கேயரின் கப்பலில்.

முத்துக்குளித்துறையின் பரவர் 1530-களின் நடுப்பகுதியில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைப் பெற்று ஞானஸ்நானமும் பெற்றனர். 1542-இல் பிரான்சிசு சவேரியார் அக்கரைக்கு வந்தார். மன்னாரிலிருந்து அழைப்பு வந்தபோது தாம் வர இயலாமற் குரு ஒருவரை அனுப்பினார். கடலோரத்து எளிய மக்கள் பலர் மதம் மாறினர். அப்போது மன்னார் யாழ்ப்பாண அரசுக்கு உட்பட்டிருந்தது. அங்கு ஆண்டவன் செகராசசேகரன் எனப்படும் சங்கிலி மன்னன். 1544-இன் பிற்பகுதியில் அவன் படை தீவுக்குள் வந்தது. மதம் மாறியோர் வாளுக்கிரையாயினர். அறுநூறு பேர், எழுநூறு பேர் என்று தொகை கூறுவர். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகள் ஆலயம் இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது.

சங்கிலியைக் கொடுங்கோலன் என்று ஒருசாராரும், தமிழ் மண்ணைக் காத்த வீரன் என்று மற்றொருசாராரும் எழுதி வந்திருக்கின்றனர். இரு சாராரும் முத்துப் பாரைப் பற்றி வாய் திறப்பதில்லை. மன்னார்க் கடலின் முத்து வருமானம் அரசுக்குச் சேரவேண்டிய பொருள். எதிர்க்கரைப் பரவர் ஞானஸ்நானம் பெற்றபோது அவர்களோடு அத்துறையின் ஆதிக்கமும் போர்த்துக்கேயர் கைக்கு மாறியதை மன்னன் கண்டிருந்தான். மதமாற்றத்தை அவன் குடிமாற்றமாகவே கண்டான். அவ்வாறு கண்டதில் அவன் கணக்குத் தவறவில்லை. அக்கணக்கைத் தீர்க்க அவன் தேர்ந்த முறையோ, அரசியலையும் அறியாது முத்தின் விலையையும் பெறாத ஏழைகளின் கழுத்தை அறுப்பதாக இருந்தது. இதனை எவ்வகை நாட்டுப்பற்றாலும் நியாயப்படுத்தல் ஆகாது.

அடுத்து நடந்ததே எமது பொருளுக்கு நேரே உரியது. மன்னனைத் தண்டிக்க வேண்டுமென்று சவேரியார் போர்த்துக்கேயத் தேசாதிபதியை வற்புறுத்தினார். சங்கிலிக்குப் பகைவனான உடன்பிறந்தான் ஒருவன் போர்த்துக்கேயரை அடைந்திருந்தான். அவனை அரியணையில் ஏற்றினால் அவனும் நாடும் கிறித்தவமாகலாம் என்பது எண்ணம். 1545-இல் நாகப்பட்டினத்தில் படை கூடுமென எதிர்பார்த்துச் சவேரியார் அங்குச் சென்று காத்திருந்தார். அவ்வேளையில் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிற்று. சரக்கு முழுவதும் சங்கிலியின் கைக்குள் அகப்பட்டது. படையெடுத்தால் சரக்குப் போய்விடும். சரக்கு மீளும்வரை படையெடுப்பைத் தள்ளிவைத்தனர். தள்ளிவைத்தது அவ்வளவில் நின்றுவிட்டது. அறுநூறு உயிர்களுக்காக எழுந்த வாள் ஒரு கப்பல் சரக்குக்காக உறைக்குள் சென்றது. எதிர்க்காற்று மறிக்க, சவேரியார் மயிலாப்பூர் சென்று, அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார். தம் வழி திரும்பியதை அவர் இறைவன் சித்தமாக ஏற்றுக்கொண்டார் என்பது அவர் கடிதங்களால் தெரிகிறது. காற்றில் இறைவன் சித்தத்தைக் காண்பதில் எமக்குத் தடையில்லை. சரக்கில் இருந்தது எவர் சித்தம் என்பதை வணிகர்களின் கணக்கேடு சொல்லும்.

1560-இல் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு தெ பிரகன்சா பெரும்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தான். உடன்படிக்கையும் எழுதப்பட்டது. பின்னர் நாட்டு மக்கள் கிளர்ந்தெழ, பிடித்த தலைநகரை விட்டுப் பின்வாங்கி மன்னாரில் வந்து கோட்டை கட்டினான். யாழ்ப்பாணத்துக்கு வந்தவனுக்குக் கிடைத்தது மன்னார். எதிர்க்கரைப் புன்னைக்காயலிலிருந்து பரவர் பலர் இத்தீவிற் கொணர்ந்து குடியேற்றப்பட்டனர். முதன்முதல் தமிழெழுத்தில் அச்சேறிய நூல்களுள் ஒன்றாகிய தம்பிரான் வணக்கத்தை 1578-இல் கொல்லத்தில் வெளியிட்ட அண்டிரீக்கு பாதிரியாரும் மன்னாரிற் பணிபுரிந்தவரே. திருக்கேதீச்சரத்துக் கோயிலின் கற்கள் மன்னார்க் கோட்டைச் சுவரில் ஏறின என்பது சைவ மக்களிடையே வழிவழி வந்த செய்தி. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. அங்கு வழிபட்டவர்கள் அக்கற்கள் பெயர்க்கப்பட்டதை எந்த இறைவனின் சித்தமாகக் கொண்டிருப்பர்?

பின்னர் நிகழ்ந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1591-இல் அந்திரே புர்த்தாடோ மன்னார்க் கடலில் யாழ்ப்பாணக் கப்பல்களை அழித்து நல்லூர் சென்று அரசனைக் கொன்றான். 1619-இல் அரசு முற்றாக அழிந்தது. 1658-இல் ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றினர். சில திங்களுக்குள் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. தமது வெற்றி உருவ வணக்கத்தார்மேல் மெய்வேதத்தார்க்கு இறைவன் அளித்த வெற்றி என்றனர் ஒல்லாந்தர். நூறாண்டுக்கு முன் போர்த்துக்கேயர் தம்மைப் பற்றிச் சொன்னதும் இதுவே. வாய் மாறிற்று, வசனம் மாறவில்லை.

எம்மவர் வரலாற்று நூலொன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, மன்னாரில் அறுநூறு பேர் கொல்லப்பட்டதைக் கூறுகிறது. அரசு பறங்கியர் கைக்கும் அதன்பின் ஒல்லாந்தர் கைக்கும் போகுமென்று முனிவர் ஒருவர் முன்பே அரசனுக்கு உரைத்ததாகவும் கூறுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில், ஒல்லாந்தர் கேட்க எழுதிய நூலில், ஒல்லாந்தர் வருகை முன்னமே விதிக்கப்பட்டதாக வருவதில் வியப்பில்லை. அனனியாக்கள் யூதேயாவில் மட்டும் பிறப்பவர்கள் அல்லர். ஆயினும் புலவரைப் பழிக்கவும் மனம் வரவில்லை. அரசிழந்த ஒரு மக்கள் கூட்டம், பீரங்கிக்குத் தோற்றோம் என்பதை விட விதிக்குத் தோற்றோம் என்று சொல்வதில் ஓர் ஆறுதல் காண்கிறது.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமாருக்கு மறைவிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை எனப் பறைசாற்றினர். தம் சபையின் பதிவேட்டிற் பெயர் இருந்தாலன்றி உத்தியோகமும் இல்லை, மணமும் செல்லாது என்ற நிலையை உண்டாக்கினர். அக்காலத்திலே, 1670-ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தம் ஆலயத்து மரியன்னையின் திருவுருவைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் இறங்கின என்பது மன்னார் மக்களின் மரபு. கண்டியரசின் எல்லைக்கு அருகில், மருதமடுவில் அவர்கள் தங்கினர். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். யானையும் கரடியும் காய்ச்சலும் நிறைந்த காடு அது. இன்று மடு என நாடறிந்த தலம் இவ்வாறு அமைந்தது. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் தேசாதிபதியும் இல்லை, தளபதியும் இல்லை, மேற்றிராணியார்கூட இல்லை. 1687-இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் வந்த யோசேவாஸ் குருவானவர் இத்தகைய மக்களைத் தேடித்தான் இரவிரவாக நடந்தார். 2015-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

காட்டுக்குள் சென்ற அவ்விருபது குடும்பங்களும் பழைய ஏற்பாட்டைத் தமிழிற் படித்திருக்க முடியாது. அது தமிழில் அச்சாகியிருக்கவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கி அவருக்குப் பின் சூல்ட்சு முடித்த மொழிபெயர்ப்பு அச்சேறியது 1720-களில். ஒல்லாந்தச் சபையின் தமிழ்க் குருவாகிய பிலிப்பு தெ மெல்லோ எபிரேய வேதத்தின் ஒரு பகுதியைத் தமிழாக்கியது அதற்கும் பின்னர். மக்கள் அக்கதைகளைப் பிரசங்கத்திற் கேட்டனர். பின்னாளிற் கூத்திற் கண்டனர். மனைவி மக்களையும் செல்வத்தையும் ஒருங்கே இழந்து, யோபுவைப்போல் மீண்டும் பெறும் எஸ்தாக்கியாரின் கதை ஈழத்துக் கத்தோலிக்கக் கூத்து மரபில் விரும்பி ஆடப்பட்டது தற்செயலன்று. எழுத்தறியாத இம்மக்கள் அவ்வேதத்தைத் தம் எசமானர்களை விடச் சரியாகப் புரிந்துகொண்டனர் என்று யான் துணிந்து சொல்வேன். இறைவன் சித்தம் என்று அவர்கள் சொன்னபோது அடுத்தவன் நாட்டைப் பிடிக்கவில்லை. சிலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒல்லாந்தரோ 1796-இல் ஆங்கிலேயரிடம் நாட்டை விட்டுச் சென்றனர். அவர்கள் பதிவேட்டில் நிரம்பியிருந்த கிறித்தவம் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோயிற்று.

ஆங்கிலேயரின் காலத்தில் இறைவன் பெயர் குறைந்தது, கணக்கு வளர்ந்தது. மனிதத் திட்டம் எவ்வாறு முறிகிறது என்பதற்கு அவர்களது முத்துக்குளிப்பைப் போன்ற விளக்கமான பாடம் வேறில்லை.

மன்னார் வளைகுடாவில், அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு மேற்கே, கடலடியிற் கிடக்கும் பாறைத் திட்டுக்களையே பார் என்பர். அப்பார்களில் சிப்பி விளையும். விளைந்தால் கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்து குளிகாரரும் சம்மாட்டிகளும் வணிகரும் வந்து குவிவர். ஆளில்லாத மணல்வெளியில் சில கிழமைக்குள் ஒரு நகரம் முளைக்கும். காலிற் கல்லைக் கட்டி இறங்கிச் சிப்பி அள்ளியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசுக்கு மூன்றில் இரு பங்கு. சுறா தீண்டாதபடி மந்திரம் ஓதக் கடல்கட்டி என்பவன் இருந்தான். அவன் மந்திரம் இல்லாமல் ஒருவனும் நீரில் இறங்கமாட்டான் என்பதால் ஆங்கில அரசே அவனுக்கு ஊதியம் அளித்து வந்தது. கடல்கட்டிகளுட் கத்தோலிக்கரும் இருந்தனர் என்பது இன்னும் சுவையான செய்தி. சுறாவுக்கு மத வேறுபாடு இல்லைபோலும்.

ஆயினும் பார் எப்போதும் விளைவதில்லை. 1837-க்குப் பின் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் முத்துக்குளிப்பு இல்லை. 1891-க்குப் பின் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு வறட்சி. காரணம் அறிய 1902-இல் ஹேர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து வந்தார். உடன் வந்த ஹோர்னல் இங்கேயே தங்கினார். பெரிய பார் என்னும் பரந்த திட்டிற் குஞ்சுச் சிப்பிகள் பலமுறை பெருகிப் பெருகிப் பருவம் அடையுமுன்னே அழிந்துபோவதை அவர்கள் எழுதினர். தென்மேற்குப் பருவக்காற்றில் அலை மணலை வாரி மூடுகிறது. திருக்கையும் நட்சத்திரமீனும் தின்கின்றன. குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பாருக்கு மாற்றி நட்டால் ஆண்டுதோறும் அறுவடை காணலாம் என்று அறிவியல் நம்பிக்கை தந்தது.

1903-இல் பார் மீண்டும் விளைந்தது. 1905-இல் எடுத்த சிப்பி ஏறத்தாழ எட்டுக் கோடி. அரசு பெற்ற வருமானம் 25 இலட்சம் ரூபாய். எவருக்கும் தலை கிறுகிறுக்கும் தொகைதான். 1906-இல் இலண்டனில் ஒரு கம்பனி எழுந்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கடலடியையே எடுத்துக்கொண்டது. இருபது ஆண்டுக்குரிய 62 இலட்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை ஒரே பருவத்தில் ஈட்டிய கடலை இவ்வளவு மலிவாகக் கொடுப்பதா என்று இலங்கையிற் பலர் குமுறினர். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப் 1906-இல் மறிச்சுக்கட்டிப் பாளையத்தில் இளம் அதிகாரியாக இருந்து அந்த ஆரவாரத்தை நேரிற் கண்டவர். 1907-இல் இன்னொரு குளிப்பு. அதன்பின் பார் வெறுமையாயிற்று. கம்பனி மாற்றி நட்ட குஞ்சுகளும் மடிந்தன. சில ஆண்டுகளில் கம்பனியும் மறைந்தது. பிறகு 1925-இல் ஒரு பெருங்குளிப்பு நடந்தது. அதனோடு அப்பெருமை முடிந்தது. அரிப்புக் கரையில் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகையைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது.

ஏடுகளில் அகப்படாத ஒன்று உண்டு. பார் விளையாத ஆண்டுகளில் கம்பனியின் பங்குக்காரன் இழந்தது முதலீடு. குளிகாரன் இழந்தது சோறு. அவன் இறைவன் சித்தம் என்று சொல்லியிருப்பான். அதைத் தவிர அவன் சொல்ல வேறு எதை மற்றவர்கள் மிச்சம் வைத்திருந்தார்கள்? மனிதன் இடும் திட்டங்கள் முறிகின்றன என்பது பொதுவான உண்மை. முறிந்த திட்டத்தின் சிதறல் எவன்மேல் விழுகிறது என்பது பொதுவானதன்று. எபிரேயத் தீர்க்கதரிசிகள் ஏழையின் ஆடையை அடைமானமாகப் பிடித்தவனையும் கள்ளத் தராசு வைத்தவனையும் ஓயாது ஏசியதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

அண்மைக்கால வரலாறு ஆறாத புண். அதனைத் தொடாமல் விட்டால் மேலே சொன்னவை யாவும் பழங்கதையாகிவிடும். 1990 ஒக்டோபரில், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலான ஊர்களிலும் பெருநிலத்து முசலிப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கிப் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களிலே குடியிருந்தனர். தமிழருக்கு விடுதலை என்று திட்டமிட்டவர்கள், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அயலாரை அகதியாக்கினர். அதற்கெதிராக எம்மவரிடையே உரக்க எழுந்த குரல்கள் மிகச் சில. எரேமியாவின் தொழில் எக்காலத்தும் ஆளில்லாத் தொழில்தான்.

அதே காலத்தில் மடு மீண்டும் அகதிகளின் ஊராயிற்று. ஆயிரக்கணக்கானோர் ஆலய வளவில் கூடாரமடித்து வாழ்ந்தனர். 1999 நவம்பர் 20 அன்று எறிகணைகள் ஆலயத்தின்மேலும் சூழலிலும் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது குருமார் மடு மாதாவின் திருவுருவை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குச் சென்றனர். மாந்தைக் குடும்பங்களின் 1670-ஆம் ஆண்டு நடையை 338 ஆண்டுகளின் பின் அத்திருவுரு மீண்டும் நடந்தது. ஓகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. தேவன்பிட்டியிலிருந்த மக்களோ திரும்பவில்லை. போர்முனையோடு சேர்ந்து கிழக்கே, முள்ளிவாய்க்கால்வரை தள்ளப்பட்டோர் அவர்களிற் பலர்.

போர் 2009-இல் முடிந்தது. வென்றோரின் மேடைகளில் மீண்டும் தெய்வங்களும் முன்னைய மன்னர்களும் சாட்சிக்கு அழைக்கப்பட்டனர். சைரசின் களிமண் உருளை எந்நாளும் எங்கோ ஒருவனால் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முசலிக்குத் திரும்பிய முஸ்லிம்கள் இருபது ஆண்டு அடர்ந்த பற்றைக்காட்டைத் தம் வளவில் கண்டனர். சிலாவத்துறையில் அவர்கள் காணியிற் கடற்படை முகாம் இருந்தது. மறிச்சுக்கட்டிக்கு அண்மையிலுள்ள முள்ளிக்குளம் என்னும் கத்தோலிக்கக் கிராமத்தின் மக்கள் 2007 செப்தெம்பரில் வெளியேற்றப்பட்டவர்கள். அங்கும் கடற்படை தலைமையகம் அமைத்தது. அருகே மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக்கொண்டு அவர்கள் தம் ஊரைத் திருப்பிக் கேட்டனர், மனு எழுதினர், 2017-இன் முற்பகுதியில் வாயிலின் முன் இருந்து கிழமைக்கணக்கில் மறியல் செய்தனர். அவர்களும் செபமாலை உருட்டுபவர்கள்தாம், இறைவன் சித்தம் என்று நாளுக்கு நான்குமுறை சொல்பவர்கள்தாம். அவ்வாண்டு ஏப்பிரல் 29 அன்று 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. எஞ்சிய வயலையும் குளத்தையும் வீடுகளையும் கேட்டு அவர்கள் மறுபடியும் மனு எழுதத் தொடங்கினர்.